சலாட் வாடாமல் இருக்க

குணாளனுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன என்று தெரிந்த நாளிலிருந்து அந்த வீட்டில் தண்ணீரை ஒளித்து வைக்க வேண்டியதாயிற்று.

மலையில் தண்ணீரை எங்கே ஒளிப்பது? லைன் வீடுகளுக்குப் பின்னால் ஓடை இரவும் பகலும் சலசலத்துக்கொண்டிருந்தது. காலையில் எழுந்தால் ஜன்னல் கண்ணாடியில் பனி கோடு கோடாக வழிந்தது. சசிரேகா கூஜாவை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். அடுப்படிக் குழாயின் பிடியைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டு தேயிலைத் தோட்டத்துக்குக் கொழுந்தெடுக்கப் போனாள். ஒரு நாளைக்கு ஒரு சின்ன போத்தல். தேத்தண்ணீர், ரசம், மாத்திரை விழுங்குவது எல்லாம் அந்தப் போத்தலுக்குள் அடங்க வேண்டும். டாக்டர் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

குணாளன் கோலா தெர்லாவிலிருந்து கோலாலம்பூருக்குக் காய்கறி லோரி ஓட்டியவன். நல்ல உயரம், அதற்கேற்ற உடம்பு. வண்டியை நிறுத்தி இறங்கினால் முதல் வேலையாக ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து மடமடவென்று குடித்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பான். கல்யாணமான புதிதில் அவன் தொண்டை ஏறி இறங்குவதைச் சசிரேகா பார்த்துக்கொண்டே நிற்பாள். இப்போது வாரத்துக்கு மூன்று முறை தோட்டத்து வேனில் தானா ராத்தா டவுனுக்குப் போய் ரத்தம் கழுவிக்கொண்டு வந்தான். மற்ற நாட்களில் முன்னறை நாற்காலியில் உட்கார்ந்து ஓடைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஒரு நாள் மழை வலுத்து, கொழுந்து வெட்டை நிறுத்தி எல்லோரையும் நேரத்தோடு அனுப்பிவிட்டார்கள். சசிரேகா பின்கதவு வழியாக வந்தாள். குளியலறையில் குணாளன் குந்தியிருந்தான். கால் கழுவுகிற குழாயைத் திறந்துவிட்டு, உள்ளங்கையில் ஏந்தி ஏந்திக் குடித்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்தான். ஆனாலும் நிறுத்தவில்லை. அவள் ஓடிப்போய்க் குழாயை மூடிய பிறகும் கையில் மிச்சமிருந்ததை நக்கினான்.

"என்னங்க இது," என்றாள்.

"முடியல சசி. நாக்கு செருப்புத் தோல் மாதிரி கெடக்கு. எத்தன நாளா குடிக்கிறேன்னு கேக்காத."

அன்று பொழுது சாய்வதற்குள் அவனுக்கு மூச்சு வாங்கியது. படுக்க முடியவில்லை. உட்கார்ந்தால் நெஞ்சுக்குள் கொப்புளம் உடைகிற மாதிரி சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு மணியம்மாவின் மகன் தன் காரில் ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். நுரையீரலில் தண்ணீர் கோத்துவிட்டது என்றார்கள். அவசரமாக ரத்தம் கழுவி ஆளைப் பிழைக்க வைத்தார்கள்.

மறுநாள் மிஸ்ஸி, ரத்தம் கழுவுகிற இடத்து வயதான சீன நர்ஸ், சசிரேகாவைத் தனியாகக் கூப்பிட்டு மலாயில் திட்டினாள். திட்டி முடித்த பிறகு அவள் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டிருக்க வேண்டும். குரலை இறக்கிக்கொண்டு ஒரு யோசனை சொன்னாள். தாகம் தாங்க முடியாதபோது சில்லென்ற சலாட் இலை ஒன்றிரண்டைக் கடித்து மென்று தின்னச் சொல். வாய் நனையும், உடம்பில் அதிகத் தண்ணீர் சேராது. மற்றக் கீரைகள் இந்த நோய்க்கு ஆகாது, இது கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் இலை மொறுமொறுவென்று இருக்க வேண்டும். துவண்டு போனதை மென்றால் தாகம்தான் கூடும்.

சலாட், கடைகளில் லெட்டூஸ் என்று விற்பது, அந்த மலை முழுக்க விளைகிறது. பிளாஸ்டிக் கூடாரங்களுக்குள் வரிசை வரிசையாகப் பச்சைப் பூ மாதிரி விரிந்து கிடக்கும். குணாளன் தன் வாழ்நாளில் ஏற்றி இறக்கிய சலாட்டை மலையாகக் குவிக்கலாம். ஆனால் லைன் வீட்டுச் சமையலில் அதற்கு இடமில்லை. வதக்கினால் ஒன்றுமில்லாமல் போய்விடும். பச்சையாகத் தின்பதற்கு ஆள் கிடையாது. சசிரேகா அதுவரை ஒரு முறைகூட அதை வாங்கியதில்லை.

குணாளனோடு லோரி ஓட்டிய நஸ்ருல் வாரம் ஒரு முறை அந்தப் பக்கம் வருவான். விஷயம் கேட்டதும் ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தான். சசிரேகா மருந்தடித்தது போகட்டும் என்று அத்தனையையும் நன்றாக அலசி, பிளாஸ்டிக் பையில் கட்டி, பிரிட்ஜில் வைத்தாள். முதல் நாள் குணாளன் ஆசையாகக் கடித்தான். அடுத்த நாள் இலை தொய்ந்தது. அதற்கடுத்து ஓரமெல்லாம் பழுப்பாகிக் கொழகொழத்து நாற்றமெடுத்தது. அவன் ஒரு வாய் மென்றுவிட்டுத் துப்பினான்.

"மாட்டுக்குப் போடு," என்றான். நஸ்ருல் திரும்பி வர இன்னும் நாள் கிடந்தது.

ரத்தம் கழுவுகிற இடத்துக்கு எதிரே நசுருதீன் ராவுத்தரின் சாப்பாட்டுக் கடை. நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டிய நாட்களில் சசிரேகா அங்கேதான் உட்காருவாள். அந்தக் கடையின் அடுப்படி முழுவதும் ராவுத்தரின் மனைவி ஷரீஃபாவின் கையில் இருந்தது. சுற்றுலா வருகிறவர்களுக்காக பர்கரும் போடுவார்கள். ஒரு நாள் ஷரீஃபா தட்டில் எடுத்து வைத்த சலாட் இலை, கையில் ஒடித்தால் சத்தம் கேட்கிற மாதிரி விறைப்பாக நிற்பதைச் சசிரேகா கவனித்தாள்.

"இன்னிக்கு வந்ததாக்கா?"

"எங்கேர்ந்து. இது போன வாரத்துது."

சசிரேகா எழுந்து அடுப்படிக்கே போய்விட்டாள். விஷயத்தைச் சொன்னாள், குளியலறைக் குழாய் உட்பட. ஷரீஃபா கையைத் துடைத்துக்கொண்டு ஒரு முழுச் சலாட்டை எடுத்தாள்.

"மொதல்ல நீ செஞ்ச தப்பு கழுவுனது. வந்தவொடனே கழுவக் கூடாது. அடிபட்ட வெளி இலைய மட்டும் உரிச்சுப் போடு. அடிக்கட்டையப் பிரிக்காத, அது இருக்கட்டும். காஞ்ச துணியில, இல்லாட்டி டிசுப் பேப்பர்ல, பிள்ளையச் சுத்துற மாதிரி தளர்வா சுத்து. மூடி போட்ட டப்பால வை. துணி நனைஞ்சா மாத்திடு. பிரிட்ஜுல பின்னாடி தள்ளி வைக்காத, ஐஸ் பிடிச்சு இலை கண்ணாடி மாதிரி ஆயிடும். வாழப்பழம், தக்காளி பக்கத்துல இருக்கவே கூடாது. அது பழுக்குற காத்து இதைக் கெடுத்துடும்."

"கழுவாம எப்படிக்கா குடுக்கறது?"

"தின்னப் போறத மட்டும் அப்ப எடுத்துக் கழுவு. துவண்டிருந்தா ஐஸ் தண்ணில கொஞ்ச நேரம் போட்டு வை, எந்திரிச்சு உக்காரும். அப்புறம் நல்லா ஒதறிடு. ஈரம் வேணும், ஆனா நனையக் கூடாது. அவ்வளவுதான் லா சசி."

சசிரேகா வீட்டுக்கு வந்து குணாளனின் பழைய கைலி ஒன்றைச் சதுரம் சதுரமாகக் கிழித்தாள். பல தடவை துவைத்துப் பஞ்சாகிப்போன துணி. நஸ்ருல் கொண்டுவரும் சலாட்டை ஒவ்வொன்றாக அதில் சுற்றி டப்பாவில் அடுக்கினாள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கிளம்புமுன் மூடியைத் திறந்து துணியைத் தொட்டுப் பார்ப்பாள். ஈரமானதை எடுத்து அடுப்புக்கு மேலே காயப் போட்டுவிட்டுக் காய்ந்ததைச் சுற்றுவாள். வாழைப்பழத்தை வீட்டுக்குள்ளேயே விடவில்லை. மழைக்காலத்தில் கரண்டு போகும்போது டப்பாவைப் பின்கதவுக்கு வெளியே பனியில் வைத்து, எலி வராமல் இருக்க மேலே அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தாள்.

இலை வாடவில்லை. நஸ்ருல் அடுத்த முறை வரும்வரை, சில சமயம் அதற்குப் பிறகும், நின்றது.

குணாளன் கண்ணை மூடிக்கொண்டு மென்றான். நடுத்தண்டைக் கடைசியில் தின்பான், அதில்தான் சாறு அதிகம். கறுக் கறுக்கென்று அந்தச் சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்கும். அது கேட்டால் சசிரேகாவுக்குக் கை தன்னால் வேலை செய்யும். ரத்தம் கழுவப் போகும் நாட்களில் உடம்பில் ஏறியிருக்கும் தண்ணீர் எடை முன்னைவிடக் குறைந்திருந்தது. மிஸ்ஸி கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள். வெட்டில் கொழுந்து எடுக்கும்போதே சசிரேகாவின் மனம் டப்பாவுக்குள் இருந்தது. அந்த மனுஷனுக்கு வேறு எதையும் தன்னால் செய்ய முடியாது, இதைச் செய்ய முடிகிறது என்று நினைத்தாள். ஒரு நாள் அவன் இலையை ஒடித்துப் பாதியை அவளிடம் நீட்டினான். லோரியில் போகும்போது தன் பொட்டலத்தில் பாதியை எடுத்து வைத்துக்கொண்டு வந்து அவளுக்குக் கொடுப்பவன் அவன். அவள் வாங்கித் தின்றாள். அதில் ஒரு ருசியும் இல்லை, வெறும் தண்ணீர்.

அவர்களுக்கு ஒரே மகள், ப்ரியா. கோலாலம்பூரில் ஒரு பல் டாக்டரிடம் வேலை செய்தாள். தீபாவளிக்கு வந்தபோது அப்பாவின் கையில் ஊசி குத்திக் குத்தி நரம்பு கயிறு மாதிரிப் புடைத்திருப்பதைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிடும்போது, தன் சிறுநீரகத்தில் ஒன்றைக் கொடுக்கப் போவதாகச் சொன்னாள்.

"பைத்தியக்காரி," என்றான் குணாளன். "கல்யாணம் ஆகாத பொண்ணு."

"ஒண்ணு போதும்பா மனுஷனுக்கு. டாக்டரே சொல்றாங்க."

அவன் கடைசிவரை சம்மதிக்கவில்லை. ஆனால் அன்று அவன் இலையை மெல்லும்போது முகம் வேறு மாதிரி இருந்தது. சசிரேகா அதைப் பார்த்தாள். ஆசைப்படுகிறான். ஆசைப்படுவதற்கு வெட்கப்படுகிறான். அவளும் ஆசைப்பட்டாள். மகள் ஊருக்குத் திரும்பியதும் சோதனைகளுக்குப் போக ஆரம்பித்தாள்.

சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வேலை நாளில் ப்ரியா வீட்டுக்கு வந்தாள். சசிரேகா அடுப்படியில் தரையில் உட்கார்ந்து, நஸ்ருல் அன்றைக்குக் கொண்டுவந்த சலாட்டைச் சுற்றிக்கொண்டிருந்தாள். மகள் பையைக்கூட இறக்காமல் எதிரே உட்கார்ந்தாள். ஒரு துணியை எடுத்து, அம்மா செய்வதைப் பார்த்துத் தானும் ஒரு சலாட்டைச் சுற்றினாள்.

"இப்படியாம்மா?"

"இறுக்காத. கொஞ்சம் தளர்வா."

ப்ரியா பிரித்துத் திரும்பச் சுற்றினாள். தலையைத் தூக்காமலே சொன்னாள். "எனக்கும் இருக்கும்மா."

"என்னா இருக்கு?"

"அப்பாவுக்கு இருக்கறதுதான். ஸ்கேன்ல பாத்தாங்க. சின்னச் சின்னத் தண்ணிப் பை, ரெண்டு பக்கமும். பரம்பரையா வரதாம். அப்பாவுக்குப் பாத்த அன்னிக்கே டாக்டர் சொன்னாரே, பிள்ளைக்கும் பாத்துக்கங்கன்னு. நான்தான் எனக்கென்னன்னு விட்டுட்டேன்."

சசிரேகாவின் கை நிற்கவில்லை. சுற்றிய சலாட்டை டப்பாவில் வைத்தாள். அடுத்ததை எடுத்தாள். எடுத்ததை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள்.

"மருந்து இருக்குமே."

"தள்ளிப் போடலாமாம். இருவது வருசமோ, கூடவோ, கொறையவோ. உப்பக் கொறைக்கணும், பிரஷர் பாக்கணும். நெறையத் தண்ணி குடிக்கச் சொன்னாங்க. இப்ப நெறையக் குடிக்கணுமாம்."

அடுப்படிக்கும் முன்னறைக்கும் நடுவில் இருந்தது வெறும் பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் நாற்காலி ஒரு முறை கிறீச்சிட்டது. இரண்டு பேரும் அதைக் கேட்டார்கள். சசிரேகா எழுந்து போய்ப் பார்த்தபோது குணாளன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அவள் கூப்பிட்டாள். திரும்பவில்லை. தோளில் கை வைத்தாள்.

அடுத்த முறை வேன் வந்து ஹாரன் அடித்தபோது அவன் சட்டை மாற்றாமல் இருந்தான்.

"நான் வரல. போகச் சொல்லு."

"வெளையாடாதீங்க. ரெண்டு தடவ போகலேன்னா என்னா ஆகும்னு தெரியும்ல."

"தெரியும்."

லீவு போட்டுவிட்டுத் தங்கியிருந்த ப்ரியா வெளியே வந்தாள். "அப்பா, கெளம்புங்க."

"நீ என்னைப் பாக்கறப்ப என்னாம்மா பாக்கற?" என்று கேட்டான் குணாளன். "இந்தக் கையப் பாக்கற. நான் தண்ணிக்கு நாக்கத் தொங்கப் போடறதப் பாக்கற. உனக்கு வரப்போறத ஒக்கார வச்சுக் காட்டிட்டு இருக்கேன் நான். அது போதும்."

ப்ரியா அழவில்லை. "நீங்க விட்டுட்டா, எனக்கு அந்த நாள் வரப்ப நானும் விட்டுடணும்னு சொல்லித் தரீங்களா?"

சசிரேகா சட்டையை எடுத்து வந்தாள். கையைத் தூக்கிக் கொடுத்தான், போனான். அதற்கடுத்த முறையும் போனான். இலையைக் கொண்டுபோய் வைத்தால் தின்றான். ஆனால் கறுக்கென்ற சத்தத்தைக் கேட்டுச் சசிரேகாவின் கை இப்போது வேலை செய்யவில்லை.

மூன்றாம் முறை வேன் வந்தபோது அவன் மகளைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்தான்.

"பாப்பா, அன்னிக்கு நீ கேட்டதுக்குப் பதில் யோசிச்சேன். தெரியல. உனக்கு வரப்ப நல்ல வழி வந்திருக்கும், நீ போராடு. இது உனக்காகன்னு நினைச்சுக்காத. நான் களைச்சுப் போயிட்டேன். உன்கிட்டேருந்து ஒண்ணு கெடைக்கும்னு கொஞ்ச நாள் நினைச்சுட்டேன், அதான் இன்னும் களைப்பாயிடுச்சு. என்னைய விட்டுரு."

ப்ரியா வாசலுக்குப் போய் வேன்காரரிடம் போகச் சொன்னாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டர் வந்தார், இளம் வயது. குணாளனிடம் மறுபடி மறுபடி கேட்டார். அவன் ஒரே பதிலைச் சொன்னான். சசிரேகாவை வெளியே கூட்டிப்போய் என்னென்ன நடக்கும் என்று பொறுமையாகச் சொன்னார். மூச்சு முட்டினால் கொடுக்க மருந்து தந்தார். கிளம்பும்போது, தண்ணீர் கேட்டால் கொஞ்சம் கொடுங்கள், இனி அதை மறுக்க வேண்டாம் என்றார்.

சசிரேகா அடுப்படிக்கு வந்தாள். அலமாரியைத் திறந்து கூஜாவை வெளியே எடுத்தாள். பையிலிருந்து குழாய்ப் பிடியை எடுத்து மாட்டித் திருகினாள். தண்ணீர் மலையிலிருந்து நேராக வருகிற குளிர்ச்சியோடு விழுந்தது. தம்ளரை நிறைத்துக் கொண்டுபோனாள். முன்னே இந்தத் தண்ணீருக்காக அவனோடு சண்டை போட்டிருக்கிறாள், கையைத் தட்டிவிட்டிருக்கிறாள், ஒரு தடவை அடித்தும் இருக்கிறாள். இப்போது அவன் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு தன் கையாலேயே புகட்டினாள்.

முதலில் சப்பிச் சப்பிக் குடித்தான். பிறகு தம்ளரைத் தானே பிடித்துக்கொண்டான். தொண்டை ஏறி இறங்கியது.

"அப்பாடா," என்றான். வாயோரம் வழிந்ததை அவன் துடைக்கவில்லை.

"இலை எடுத்துட்டு வரவா?"

"வேணாம் சசி. தண்ணி இருக்கறப்ப இலை என்னாத்துக்கு?"

அதற்குப் பிறகு அவன் நீண்ட நாள் இருக்கவில்லை. கால் வீங்கியது, முகம் வீங்கியது. பேச்சு குழறியது. லோரி பிரேக் பிடிக்கவில்லை என்று மகளிடம் சொன்னான். ஒரு பிற்பகல், பனி இறங்கி லைன் வீடுகளை மூடிக்கொண்டிருந்தபோது மூச்சு நின்றது. ஒரு பக்கம் சசிரேகாவும் மறு பக்கம் ப்ரியாவும் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

உடலை எடுத்த மறுநாள் மணியம்மா வந்து அடுப்படியைப் பார்த்துக்கொண்டாள். வந்துபோகிறவர்களுக்குச் சமைக்க வேண்டியிருந்தது. பிரிட்ஜைத் திறந்து டப்பாவை எடுத்தவள், துணியைப் பிரித்துவிட்டுத் திகைத்து நின்றாள்.

"சசி, இது எப்பக் கொண்டாந்தது? காலையில பறிச்ச மாதிரி நிக்குது. எப்படிம்மா வச்ச?"

சசிரேகா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மணியம்மாவின் கையில் இருந்த இலையைப் பார்த்தாள். பச்சையாக, விறைப்பாக, ஒரு சுருக்கமும் இல்லாமல் இருந்தது. அதைப் பிடுங்கிக் காலில் போட்டு மிதிக்க வேண்டும் போல் வந்தது அவளுக்கு. அவன் இருந்த வரைக்கும்தான் அது இருந்திருக்க வேண்டும் என்று தோன்றியது.

"கழுவக் கூடாது," என்றாள். "காஞ்ச துணியில சுத்தணும். துணி ஈரமானா மாத்திடணும்." குரல் யாருடையதோ மாதிரி இருந்தது. "பழத்துக்கிட்ட வைக்கக் கூடாது."

மணியம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். பிறகு அத்தனையையும் கழுவி அரிந்து, பிள்ளைகளுக்குப் போட்ட மீ நூடல்ஸில் கலந்துவிட்டாள்.

கருமாதி முடிந்ததும் ப்ரியா வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. சசிரேகா அவளோடு தானா ராத்தா பஸ் நிலையம் வரை போனாள். அந்த நாட்களில் மகள் தண்ணீர் குடித்ததைத் தான் பார்க்கவில்லை என்பது அவளுக்கு உறைத்துக்கொண்டே இருந்தது. தேத்தண்ணீரைக்கூடப் பாதியில் வைத்துவிடுகிறாள். கடையில் பெரிய போத்தலாக ஒன்று வாங்கி மூடியைத் திறந்து நீட்டினாள்.

"குடி. நெறையக் குடிக்கச் சொன்னாங்கல்ல."

ப்ரியா வாங்கி வாயில் வைத்தாள். கொஞ்சம் உள்ளே போனது. மிச்சத்தை வாயிலேயே வைத்துக்கொண்டிருந்துவிட்டுக் கஷ்டப்பட்டு விழுங்கினாள்.

"இறங்கலம்மா. அப்பா மொகம் வந்துடுது."

"எனக்காகக் குடிம்மா."

"குடிக்கிறேன். பஸ்ல குடிக்கிறேன்."

பஸ் நகர்ந்தபோது ப்ரியா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். போத்தல் மடியில் கழுத்துவரை நிறைந்திருந்தது. ரிங்லெட்டுக்கு இறங்குகிற சாலையில் பஸ் திரும்பும்வரை சசிரேகா பார்த்துக்கொண்டு நின்றாள். மகள் கையை ஆட்டினாள். போத்தலைத் தூக்கவில்லை.

எதிர்க் கடை வாசலிலிருந்து ஷரீஃபா, வந்து ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ என்று கூப்பிட்டாள். சசிரேகாவுக்குக் கேட்டது. அப்புறம் வரேன்க்கா என்று சொல்லிவிட்டு, தோட்டத்து வேன் போய்விட்டதால் நடக்க ஆரம்பித்தாள். இருபது வருடம் என்று சொன்னார்களாம். இருபது வருடம் கழித்துத் தனக்கு என்ன வயதாகும், மகளுக்கு இலை சுற்றி வைக்க அப்போது தன் கைக்குத் தெம்பு இருக்குமா என்று யோசித்துக்கொண்டே நடந்தாள்.